இறக்கத்தின் வரலாறு

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் சுமார் 67 கி.மீ.; இந்த வழியில் 30 கி.மீ.தான். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று இந்தச் சாலையிலிருந்து பள்ளத்தில் உருண்டது. உள்ளே இருந்தவர்களை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அதன்பிறகு வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் இந்த வழியாக இறங்கத் தடை வந்தது. மசினகுடியிலிருந்து ஏறி வருவதற்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அதே சாலை, அதே வளைவுகள், அதே வண்டி. ஏறலாம், இறங்கக் கூடாது. முதல் பார்வைக்கு விசித்திரமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குள் இருநூறு ஆண்டு அனுபவம் அடங்கியிருக்கிறது. நீலகிரிச் சாலைகளின் கதையை நாம் ஏறிய கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம்: முதலில் ஏறிய துரை யார், முதல் பாதை எந்த ஆண்டில் வந்தது, ரயில் எப்போது மேலே போய்ச் சேர்ந்தது என்று. மலைச்சாலையின் பொறியியலும் விதிகளும் பழக்கங்களும் பெரும்பாலும் இறக்கத்துக்காகவே உருவானவை என்பதுதான் என் வாதம். மழையும் மூடுபனியும் ஈரத் தாரும் இறங்குகிறவனிடம்தான் முதலில் கணக்குத் தீர்க்கின்றன. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. வண்டிகள் வசதியானதும் சில பத்தாண்டுகளிலேயே அதை மறந்துகொண்டிருக்கிறோம்.

சக்கரத்தின் மீது சுமை ஏற்றியவர்களுக்கு மேடு பள்ளத்தைப் பற்றிய கவலை தமிழ்நாட்டில் மிகப் பழையது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடும்போது உமணர்களின் உப்பு வண்டியைத்தான் எடுத்துக்கொள்கிறார். வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று முன்கூட்டி அறிய முடியாததால், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்படுகிறார்கள். சாலையை நம்பாமல், சாலை என்ன செய்யக்கூடும் என்று யோசித்து ஆயத்தமாகும் இந்த மனநிலைதான் பாதுகாப்பான பயணத்தின் தொடக்கம். இன்னொரு சான்று நம் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. ஒரு காரியத்தைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று குறை சொல்கிறோம். தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அசல் மதிப்பு தெரியும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கட்டை கொடுக்கும் சிலரின் கையில்தான் இருக்கிறது. ஓடத் தொடங்கிய தேரை இழுப்பவர்களால் நிறுத்த முடியாது. உருளும் எடைக்கு முன்னே தள்ளும் ஆற்றலைவிட, அதைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடே முக்கியம் என்பதை நம் ஊர்த் தச்சர்கள் அறிந்திருந்தார்கள்.

நீலகிரியில் தோடரும் படகரும் கோத்தரும் இருளரும் பயன்படுத்திய வழிகள் காலடிப் பாதைகள். மனிதக் கால் படியேறும், முதுகெலும்பு போன்ற மலைத்தொடரின் விளிம்பைப் பிடித்து நேராக மேலே போகும். சக்கரத்தால் அது முடியாது. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலைமேல் போய் வந்தபின், 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. 1830-களின் தொடக்கத்தில், லஷிங்டன் சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், குன்னூர் வழியாக வேறொரு பாதை வந்தது. அந்தப் பழைய குன்னூர் பாதை மிகச் செங்குத்தானது. குதிரையிலும் பல்லக்கிலும் போக அது போதும்; பார வண்டிக்குப் போதாது. நாற்பது ஆண்டுகள் அதை வைத்துச் சமாளித்துவிட்டு, 1870-களில் கர்னல் லாவின் பொறுப்பில் சரிவு குறைந்த புதிய சாலையை வெட்டினார்கள். குன்னூருக்குக் கீழே இன்றும் அவர் பெயரால் ஓர் அருவி அழைக்கப்படுகிறது. இன்று நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியாறு வழியாகப் போவது ஏறத்தாழ அந்தத் தடம்தான். ஒரே மலைக்கு, ஏற்கெனவே பாதை இருக்க, பெரும் செலவில் நீளமான இன்னொன்றை ஏன் வெட்ட வேண்டும்? மாடு ஏறுவதற்குச் சிரமப்படும் என்பது பாதி விடைதான். ஏற்றத்தில் சிரமம் என்றால் கூடுதலாக ஒரு ஜோடி மாட்டைப் பூட்டலாம், சுமையைக் குறைக்கலாம், நின்று நின்று போகலாம். இறக்கத்தில் இதில் ஒன்றும் உதவாது. வண்டியின் முழுப் பாரமும் மாட்டின் கழுத்தை முன்னால் தள்ளும்; மாடு இடறினால் எல்லாம் ஒன்றாகப் போகும். சக்கரத்தில் கட்டையை அழுத்திப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து இறங்க வேண்டும், மழை பெய்து மண் குழைந்துவிட்டால் அதுவும் பிடிக்காது. ஆகவே சாலையின் சரிவையே பிரேக்காக மாற்றினார்கள். நீளம் கூடினால் சரிவு குறையும். சரிவு குறைந்தால் கட்டைக்கு வேலை குறையும். கொண்டை ஊசி வளைவு என்று நாம் அஞ்சும் அமைப்பின் நோக்கமும் இதுதான்: நேர்க்கோட்டில் விழ வேண்டியவனை இங்குமங்கும் நடத்தி மெதுவாகக் கீழே சேர்ப்பது.

அடுத்து வந்த ரயில், இறக்கத்தை இன்னும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் வந்த நீலகிரி மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல்சட்டம் ஓடுகிறது. இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே நகரும். அதைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்தப் பகுதியில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமாகவே இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். மற்றது, ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். அத்தனை பெரிய எடையை ஒரே கருவியை நம்பி ஒப்படைக்கக் கூடாது, தாங்குவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்பது அந்த ரயிலின் அடிப்படை. இதே கொள்கைதான் பிற்பாடு லாரி, பேருந்து ஓட்டுநர்களின் வாயில் ஒரு வரி விதியாக மாறியது: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. தாழ்ந்த கியரில் பிரேக்கோடு இன்ஜினும் சேர்ந்து வண்டியைத் தாங்கும்.

இந்த விதியின் அருமை புரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். உயரத்தில் இருக்கும் எடை கீழே வரும்போது, அது மேலே ஏறச் செலவழித்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. ஒன்றரை டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 50 லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். 15 டன் பேருந்து உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால், உயர வேறுபாடு ஏறத்தாழ 1,900 மீட்டர். அது 950 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கல்யாண வீட்டு அண்டாக்களில் கொதிக்க வேண்டிய அந்தச் சூட்டை, சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பு தாங்க வேண்டியிருக்கிறது. ஓடும் காற்றில் அது ஆறிக்கொண்டே வரும் என்பது உண்மைதான். ஆனால் சாலை எவ்வளவு குறுகிய தூரத்தில் எவ்வளவு உயரத்தை இறக்குகிறதோ, அவ்வளவுக்கு ஆறுவதற்கான நேரம் குறைகிறது. கல்லட்டிக்கும் குன்னூருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1870-களில் மாட்டு வண்டிக்காக நீட்டிய சாலை, அதை வெட்டியவர்கள் கனவிலும் காணாத மோட்டார் வண்டியின் பிரேக்குக்கும் ஆறுதல் தருகிறது. சரிவு குறைக்கப்படாத சாலை அதைத் தருவதில்லை.

இதில் ஈரத்துக்கும் ஒரு மறைமுகமான பங்கு உண்டு. கார்களின் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் கலந்தபின் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். கடற்கரை ஊரில் மூன்று நான்கு ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் ஓடிய கார், சமவெளியில் எந்தக் குறையையும் காட்டாது. மலையிறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வரும்போது, குழாயில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழாகிறது. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி கடத்தாது. கால் பெடலோடு தரைவரை போகும், வண்டி நிற்காது. இதில் வரலாற்றுக்கு உரிய ஒரு திருப்பம் இருக்கிறது. பழைய வண்டிகள் மலை ஏறும்போதே ரேடியேட்டர் கொதித்து ஆவி விடும். பர்லியாறு போன்ற இடங்களில் நிறுத்தி, மூடியைத் துணி போட்டுத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ‘இது மலை, உன் வண்டிக்கு எல்லை உண்டு’ என்று மலையே சொல்லிக்கொடுத்த பாடம் அது. இன்றைய கார் பாட்டுப் போட்டுக்கொண்டு, குளிர்சாதனம் ஓட, ஒரு சொட்டு ஆவி விடாமல் ஏறிவிடுகிறது. ஏற்றத்தில் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். இறக்கத்தில் கொதிப்பது தெரியாது. தெரிந்த கொதிப்பைப் பொறியியல் நீக்கிவிட்டது, தெரியாத கொதிப்பு அப்படியே இருக்கிறது. ஏறியவருக்கு எச்சரிக்கை கிடைக்காமல் போனதால், இறங்கும்போது அவர் சமவெளிப் பழக்கத்தோடு இறங்குகிறார்.

சட்டமும் இறக்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாதபோது, இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளில் 25-ஆம் விதி சொன்னது. 2017-இல் வந்த புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. இதற்கு எதிராக நியாயமான ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. ஏறும் வண்டியை நிறுத்துவது எளிது, புவியீர்ப்பே பாதி பிரேக் பிடித்துவிடும். இறங்கும் வண்டியை நிறுத்துவதுதான் கடினம், அதிலும் ஈரச் சாலையில். அப்படியிருக்க, நிற்க முடியாதவனை நிற்கச் சொல்வது என்ன நியாயம்? ஏற்றத்தில் நின்ற பார வண்டி மறுபடி கிளம்பும்போது பின்னால் உருளும் என்பது வழக்கமான பதில். அது சரிதான், ஆனால் இன்றைய கார்களில் பின்னே உருளாமல் தடுக்கும் வசதி வந்துவிட்ட நிலையில் அது மட்டும் போதாது. அந்த விதியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் ஒரு வண்டி ஏறி வரலாம், அதற்கு நான் நின்று வழிவிட வேண்டும் என்ற கடமை இருந்தால், எந்த இடத்திலும் நிற்கக்கூடிய வேகத்தில்தான் நான் இறங்க முடியும். ஆகவே அது வழிவிடும் விதியாக எழுதப்பட்ட வேகக் கட்டுப்பாடு. கண்ணில் படும் தூரத்துக்குள் நிற்க முடியாதவர் ஏற்கெனவே விதியை மீறிவிட்டார், எதிரே வண்டி வந்தாலும் வராவிட்டாலும். மழைக்கும் மூடுபனிக்கும் தனி எண் எழுதத் தேவையில்லாத விதி இது. பார்வை குறைந்தால் வேகம் தானாகக் குறைந்தாக வேண்டும்.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மழையை வழுக்கலோடு மட்டும் சேர்த்துப் பேசும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வழுக்கல் மெய்தான், அதிலும் நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறல், தாரில் படிந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்து, கொட்டும் மழையைவிட மோசமாக வழுக்கும். ஆனால் மலைச்சாலை என்பது சரிவை வெட்டி எடுத்த ஒரு படி. மேலே வெட்டிய மண் சுவர், கீழே கட்டிய தாங்குசுவர், இரண்டுக்கும் நடுவே சாலை. மேலிருந்து வரும் நீரைப் பிடித்துச் சாலைக்கு அடியில் கடத்திவிடும் வாய்க்காலும் சிறுபாலமும் அடைத்துக்கொண்டால், நீர் மண்ணுக்குள் புகுந்து அதைக் கனமாக்கித் தள்ளும். 1993 நவம்பரில் குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே நேர்ந்த நிலச்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்தச் சில நாட்களில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் பல இடங்களில் அறுந்தன. அப்படிப்பட்ட மழையில் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரின் கைத்திறமையும் உதவாது. அங்கே பாதுகாப்பு என்பது கிளம்பாமல் இருப்பது, கிளம்பிவிட்டால் வெட்டுச்சுவரின் அடியில் ஒதுங்கி நிற்காமல் இருப்பது, சாலையில் கலங்கல் நீரும் சிறுகற்களும் உருண்டு வந்தால் அதை மலையின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்வது. மூடுபனியைப் பற்றி மலையோர ஓட்டுநர்கள் கையாளும் பழக்கமும் அனுபவத்தில் விளைந்தது. விளக்கைத் தாழ்த்தி, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டையோ தடுப்புச் சுவரையோ கண்ணால் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு முன் ஒலி எழுப்பி இறங்குவார்கள். உயர்த்திய வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும். நான்கு மஞ்சள் விளக்கையும் மினுக்கவிட்டு ஓட்டுவது சமவெளியிலிருந்து வந்த புதுப்பழக்கம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா, போகிறீர்களா என்று எதுவுமே புரியாமல் செய்துவிடும்.

இவ்வளவையும் கேட்டபின், நவீன கார்களில் இதற்கெல்லாம் விடை இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும், டிஸ்க் பிரேக் பழைய டிரம்மைவிட வேகமாக ஆறும், மோதினாலும் காற்றுப்பை காக்கும். எல்லாம் மெய். அவற்றால் சமவெளியிலும் மலையிலும் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஏபிஎஸ் பிரேக்கின் பிடியை ஒழுங்குபடுத்துமே தவிர அதன் சூட்டைக் குறைக்காது. ஆயில் கொதித்துவிட்டால் ஏபிஎஸ் ஒழுங்குபடுத்துவதற்கே பிடி இருக்காது. ஆட்டோமேட்டிக் கியர் கார்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘டி’யில் விட்டுவிட்டால் கார் தானாக மேல் கியருக்குப் போய் இன்ஜினின் பிடியைத் தளர்த்திவிடக்கூடும், ‘எல்’ என்றோ எண் போட்டோ இருக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும் என்பதை, சமவெளி நகரில் கார் வாங்கி ஓட்டுபவர் தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. டீசலையோ பெட்ரோலையோ மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவதோ இன்ஜினையே அணைப்பதோ தாங்குவதற்கு இருந்த இரண்டு கைகளில் ஒன்றை வெட்டிக்கொள்வது. அணைத்துவிட்டால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும்.

இன்னொரு மறுப்பு புள்ளிவிவரத்திலிருந்து வருகிறது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் நடந்த விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். இறப்புகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் அதிவேகம். விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தெளிவான வானிலையில் நடந்தவை. அப்படியானால் வானிலையும் சரிவும் சிறு காரணங்கள்தானே, ஓட்டுநரின் பொறுப்பின்மைதானே பெரிது? நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் தெளிவானவை, ஆகவே பெரும்பாலான விபத்துகளும் அந்நாட்களில் நடப்பது இயல்பு. மழை நாளில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்ற கேள்விக்கு அந்தப் பங்கு விடை சொல்லாது. அதிவேகம் என்ற காரணத்தை நான் இன்னும் தயக்கத்தோடு படிக்கிறேன். பிரேக் கொதித்துச் செயலிழந்த வண்டியும் கடைசி வளைவில் அதிவேக வண்டிதான். அந்த வேகம் ஓட்டுநர் விரும்பித் தேர்ந்ததா, ஐந்தாறு வளைவுகளுக்கு முன்பே தவறான கியரில் தொடங்கிய ஒன்றின் விளைவா என்பதைப் பள்ளத்தில் கிடக்கும் வண்டியைப் பார்த்து எழுதும் படிவம் சொல்வதில்லை. குற்றம் முழுக்க ஓட்டுநருடையது என்று எழுதி முடித்துவிட்டால், சாலை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எழுதப்படாமலே போகிறது. 1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைப் பேராயம் கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டராவது வேண்டும் என்றெல்லாம் அளவு வகுத்திருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தை மீறி அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. தொகை சிறிது. ஆனால் விபத்தில் சாலைக்கும் பங்கு உண்டு என்று சட்டம் முதன்முறையாக ஒத்துக்கொண்டது பெரிய மாற்றம்.

கல்லட்டித் தடை ஒரு நல்ல ஏற்பாடு. சீசன் காலத்தில் குன்னூர் வழியாக ஏறவிட்டுக் கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி முறையும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடை, தெரியாதவரை விலக்கி வைக்கிறது. அவருக்குத் தெரிய வைப்பதில்லை. அங்கே இறங்கவிடாமல் தடுக்கப்பட்ட அதே ஓட்டுநர் அடுத்த மாதம் வால்பாறையின் 40 வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அதே தவறான கியரில் இறங்கப் போகிறார். தெரிய வைக்க இன்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்கின்றன. உள்ளூர்ப் பதிவெண்களுக்கு அது தேவையில்லை. அதாவது இறக்கத்தை அறிந்தவர்களுக்கு விலக்கு இருக்க, அறியாதவர்கள் அத்தனை பேரும் புறப்படுவதற்கு முன்பே ஒரே இணையப் பக்கத்துக்கு வந்து பெயரும் வண்டி எண்ணும் தருகிறார்கள். அந்தப் பக்கத்தில் நான்கு வரி சேர்க்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை: ஏறிய கியரில் இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் ‘டி’யை விட்டுக் கீழ்நிலைக்கு மாற்றுங்கள், பிரேக்கில் கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள், ஏறிவரும் வண்டிக்கு நின்று வழிவிடுங்கள். மாவட்ட நிர்வாகங்கள் அடுத்த சீசனுக்கு முன் இதைச் செய்ய வேண்டும்.